கேளுங்கள், சொல்கிறோம்: பேரிடரும் அரசாங்கமும்

இயற்கைப் பேரிடர்களை ஒரு நாடு எப்படிச் சமாளிக்கிறது, எங்கே சறுக்குகிறது என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த முறை பதில். வீட்டில் என்னென்ன தயாராக வைத்துக்கொள்ளலாம் என்ற கேள்விகள் தனியாக நிறைய வந்திருக்கின்றன. அவற்றை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டோம்.

கேள்வி: 2010-ல் ஹைத்தியிலும் சிலியிலும் ஏழு வாரத்துக்குள் நிலநடுக்கம் வந்தது. சிலியில் வந்ததுதான் பெரியது. ஆனால் கொத்துக்கொத்தாக மக்கள் மாண்டது ஹைத்தியில். ஏழை நாடு என்பதுதான் காரணமா?

பதில்: ஏழ்மையும் ஒரு காரணம், அவ்வளவுதான். ஹைத்தியில் வந்தது 7.0 அளவு, சிலியில் 8.8. வெளிப்பட்ட ஆற்றலை ஒப்பிட்டால் சிலியுடையது சுமார் 500 மடங்கு. சிலியில் இறந்தவர்கள் ஐந்நூற்றுச் சொச்சம் பேர். ஹைத்தியில் பெரும்பாலான மதிப்பீடுகள் ஒரு லட்சத்திலிருந்து மூன்று லட்சம் வரை போகின்றன. ஹைத்தி நிலநடுக்கம் தலைநகருக்குப் பக்கத்திலேயே, குறைந்த ஆழத்தில் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் ஒப்பீடு நியாயமாக இருக்காது. அதைக் கழித்தாலும் மிச்சமிருக்கும் வித்தியாசம் கட்டடங்களுடையது.

கான்கிரீட் தூணில் நெட்டுக்குத்தான கம்பிகளைச் சுற்றி ரிங் கட்டுவார்கள். தூணும் உத்தரமும் சேருமிடத்தில் அந்த ரிங்குகள் 10 சென்டிமீட்டருக்கு மிகாத இடைவெளியில் இருக்கவேண்டும். ரிங்கின் முனையை 135 பாகை உள்பக்கமாக வளைத்துக் கான்கிரீட்டுக்குள் புதைக்கவேண்டும். செலவு மிச்சம் என்று இடைவெளியை இரட்டிப்பாக்கி, முனையை 90 பாகையோடு விட்டால், ஆட்டம் கண்டதும் மேல்பூச்சு உதிர்ந்து ரிங் வாய் பிளந்துவிடும். உள்ளிருக்கும் கம்பிகள் வெளியே பிதுங்கும், தளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்காரும். பூசி வெள்ளையடித்த பிறகு இதை யாராலும் பார்க்க முடியாது. கான்கிரீட் போடுவதற்கு முன்பு ஒருவர் வந்து பார்த்தாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சிலியில் கட்டடத்தை முதலில் விற்றவர் அதன் கட்டமைப்புக் குறைபாடுகளுக்கு 10 ஆண்டுகள் சட்டப்படி பொறுப்பாளி. விற்றவருக்கே வழக்கு பயம் இருந்தால், ரிங்கை எண்ணிப் பார்க்க அவரே ஆள் வைப்பார்.

நல்ல விதிமுறை இருந்தால் போதும் என்றும் நினைக்கவேண்டாம். 1999-ல் 17,000-க்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்த துருக்கி, அதன்பிறகு கட்டட விதிகளை நன்றாகவே இறுக்கியது. 2018-ல் கட்டணம் கட்டினால் விதிமீறிய கட்டடங்களைப் பதிவு செய்துகொள்ளலாம் என்று மன்னிப்புத் திட்டம் கொண்டுவந்தது. 2023 பிப்ரவரியில் துருக்கியில் மட்டும் 50,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வரன்முறைப்படுத்தல் என்ற பெயரில் எந்த நாட்டில் இப்படித் திட்டம் வந்தாலும் விளைவு ஒன்றுதான்: காகிதம் சட்டப்படி ஆகிவிடும், தூண் அப்படியே இருக்கும்.

பழைய கட்டடங்களை எல்லாம் ஒரேயடியாகச் சரிசெய்ய எந்த நாட்டிடமும் பணமில்லை. கட்டிய ஆண்டை வைத்துப் பிரிப்பதுதான் நடைமுறை. ஜப்பானில் 1981-ல் விதி மாறியது. 1995-ல் கோபே நகரம் குலுங்கியபோது விழுந்தவற்றில் பெரும்பாலானவை அதற்கு முன் கட்டியவை. விதி மாறிய ஆண்டில் ஒரு கோடு கிழித்துவிட்டு, கோட்டுக்கு முந்தையவற்றில் முதலில் மருத்துவமனை, பள்ளி, தீயணைப்பு நிலையம், பிறகு மற்றவை என்று போகவேண்டும்.

கேள்வி: 'நூறாண்டில் ஒருமுறை வரும் வெள்ளம்' என்றார்கள். பத்தாண்டுக்குள் இரண்டு முறை வந்துவிட்டது. பொய் சொன்னார்களா?

பதில்: பொய்யில்லை, ஆனால் சொன்ன விதம் சரியில்லை. எந்த ஓர் ஆண்டிலும் அந்த அளவு வெள்ளம் வர 100-க்கு 1 வாய்ப்பு என்பதுதான் அதன் பொருள். வந்துவிட்டுப் போனதால் அடுத்த ஆண்டுக்கான வாய்ப்பு குறையாது. 30 ஆண்டு வீட்டுக் கடன் வாங்கியவர், கடன் முடிவதற்குள் அந்த வெள்ளத்தை ஒருமுறையாவது பார்க்க 26 சதவீத வாய்ப்பு இருக்கிறது. நாலில் ஒன்று என்று சொல்லியிருந்தால் அந்த மனையை எத்தனை பேர் வாங்கியிருப்பார்கள்?

இன்னொரு சங்கதி: அந்தக் கணக்கு பழைய மழைப் பதிவுகளை வைத்துப் போட்டது. மேல்பகுதியில் நிலமெல்லாம் தார்ச்சாலையாகவும் கூரையாகவும் மாறிவிட்டால், அதே மழைக்குக் கூடுதல் தண்ணீர் ஓடிவரும். பெருமழையின் அளவும் கூடிவருகிறது. வரைபடத்தைச் சில ஆண்டுக்கு ஒருமுறை திருத்தாத நாடு, பழைய ஆற்றுக்குத்தான் கரை கட்டிக்கொண்டிருக்கிறது.

கேள்வி: எச்சரிக்கை வந்துவிட்டது, தொலைக்காட்சியில் சொன்னார்கள், கைப்பேசியில் வந்தது. அப்படியும் இத்தனை பேர் எப்படி இறக்கிறார்கள்? மக்களின் அலட்சியம்தானே?

பதில்: மக்கள் மேல் பழியைப் போடுவதற்கு முன்பு எச்சரிக்கையின் வாசகத்தைப் படித்துப் பார்ப்பது நல்லது.

ஜப்பானைவிட நன்றாக எச்சரிக்கை கொடுக்கும் நாடு அரிது. 2011 மார்ச் 11 பிற்பகல் 2.46-க்கு நிலநடுக்கம். மூன்றே நிமிடத்தில் சுனாமி எச்சரிக்கை வெளியானது. ஆனால் அதற்குள் கிடைத்த நில அதிர்வுப் பதிவுகளை வைத்துக் கணித்த நிலநடுக்க அளவு 7.9 (உண்மையில் 9.0). அதனால் இவாத்தே, ஃபுகுஷிமா மாகாணங்களுக்கு 3 மீட்டர் அலை, மியாகிக்கு 6 மீட்டர் என்று அறிவித்தார்கள். 3 மீட்டர் என்றால் நம் தடுப்புச் சுவரே தாங்கும் என்று நினைத்தவர்கள் உண்டு. அரைமணி நேரத்துக்குள் எண்ணைத் திருத்தினார்கள். ஆனால் பல ஊர்களில் அதற்குள் மின்சாரம் போயிருந்தது, திருத்தம் போய்ச் சேரவில்லை. பிறகு ஜப்பான் வானிலை முகமை 2013-ல் முறையையே மாற்றியது. 8-க்கு மேல் இருக்கலாம் என்று பட்டால், முதல் எச்சரிக்கையில் எண்ணே கிடையாது. 'மிகப்பெரிய அலை' என்று மட்டும் சொல்வார்கள். துல்லியம் கைக்கு வரும்வரை துல்லியமாகப் பேசாதே என்பது எச்சரிக்கை கொடுக்கும் எல்லாத் துறைகளுக்கும் பொருந்தும்.

அடுத்தது நேரக் கணக்கு. பெரும்பாலான திட்டங்கள் இங்கேதான் பொய்யாகின்றன. கரையோரத்தில் 12,000 பேரை வெளியேற்றவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கையில் 40 பேருந்து, ஒன்றுக்கு 50 பேர். ஒரு நடைக்கு 2,000 பேர், ஆக ஆறு நடை. ஏற்றி இறக்கித் திரும்பிவர ஒன்றரை மணி நேரம் என்றால் ஒன்பது மணி நேரம். வீடு வீடாகச் சொல்ல, ஓட்டுநர்களைத் திரட்ட, டீசல் போட மூன்று மணி நேரம். பேருந்து ஓட்ட முடியாத அளவுக்குக் காற்று வலுப்பது, புயல் கரை கடப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பே தொடங்கிவிடும் என்று கொள்வோம். மொத்தம் 18 மணி. அதிகாலை 4 மணிக்குப் புயல் கரையைக் கடக்குமானால் உத்தரவு முந்தின நாள் காலை 10 மணிக்குக் கையெழுத்தாகியிருக்கவேண்டும். அப்போது வெளியே வெயில்கூட அடித்துக்கொண்டிருக்கலாம்.

18 மணி நேரத்துக்கு முன்பு புயலின் பாதையைச் சொல்லும்போது பல பத்துக் கிலோமீட்டர் பிழை இருக்கத்தான் செய்யும். ஆகவே தேவைப்படுவதைவிட நீளமான கரையைக் காலி செய்தாகவேண்டும், அதில் ஒரு பகுதிக்கு ஒன்றும் ஆகாது. 'வீணாகக் கிளப்பிவிட்டார்' என்று அடுத்த நாள் அந்த அதிகாரியைத் திட்டுவார்கள். அடுத்த முறை அவர் இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று மூன்று மணி நேரம் தள்ளிப்போட்டால் கடைசி இரண்டு நடைப் பேருந்து ஓடாது, 4,000 பேர் மாட்டிக்கொள்வார்கள். இதைத் தவிர்க்க ஒரே வழி, முடிவைத் தனிமனிதரின் துணிச்சலுக்கு விடாமல் முன்கூட்டியே எழுதிவைப்பது: இந்த வகைப் புயல், இவ்வளவு தூரத்தில், இந்த நேரத்தில் இருந்தால் இன்னின்ன பகுதிகள் காலி. எழுதிய விதிப்படி உத்தரவிட்டவரைப் பிறகு யாரும் கேள்வி கேட்கமுடியாது என்பதையும் அதே விதியில் எழுதவேண்டும்.

வங்கதேசம் இந்த வேலையை 50 ஆண்டுகளாகச் செய்துவருகிறது. 1970 நவம்பர் புயலில் மூன்று முதல் ஐந்து லட்சம் பேர் இறந்தார்கள். 1972-ல் அரசும் செஞ்சிலுவை அமைப்பும் சேர்ந்து தொண்டர் படை அமைத்தன. அப்படியும் 1991-ல் சுமார் 1,38,000 பேர் இறந்தார்கள், ஏனென்றால் தகவல் போனாலும் ஒதுங்கப் போதுமான கட்டடம் இல்லை. அதன்பிறகு புகலிடங்கள் பெருகின. 2007-ல் சித்ர் புயலில் இறந்தவர்கள் சுமார் 3,400 பேர். ஆடுமாட்டை விட்டுவிட்டு வரமாட்டோம் என்றவர்களுக்காகக் கால்நடைகளை ஏற்றிவைக்க மண்மேடு எழுப்பினார்கள். பெண்களுக்குத் தனி அறையும் கழிப்பறையும் கட்டினார்கள். முன்பெல்லாம் இவை இல்லாததாலேயே பல பெண்கள் வீட்டை விட்டுக் கிளம்பவில்லை. அலட்சியம் என்று நாம் பெயர் வைப்பதில் பாதி இப்படிப்பட்ட காரணங்கள்தான்.

கைப்பேசி பற்றிக் கேட்டிருந்தீர்கள். எஸ்எம்எஸ் ஒவ்வொரு எண்ணாகப் போகும். லட்சக்கணக்கில் அனுப்பும்போது வரிசையில் நிற்கும், சில வந்துசேர மணிக்கணக்காகும். செல் பிராட்காஸ்ட் என்பது கோபுரத்திலிருந்து வானொலிபோல ஒரே நேரத்தில் எல்லாக் கைப்பேசிக்கும் போவது. எண் தெரியவேண்டியதில்லை, நெரிசலும் பாதிக்காது. ஆனால் கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும். பேட்டரி சில மணி நேரம்தான் தாங்கும், ஆகவே ஜெனரேட்டருக்கு எவ்வளவு டீசல் இருப்பில் வைக்கவேண்டும் என்பதை உரிம நிபந்தனையிலேயே அரசு எழுதவேண்டும். கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எதிலிருந்தாலும் ஒலிபெருக்கியை இன்னமும் கழித்துக்கட்ட முடியாது.

கேள்வி: பேரிடர் வந்தபிறகு கையேந்துவதைவிட ஒவ்வோர் ஆண்டும் ஒரு தொகையை ஒதுக்கிவைத்தால் போதாதா? காப்பீடு என்று வெளிநாட்டு நிறுவனங்களுக்குப் பிரீமியம் கட்டுவது வீண் இல்லையா?

பதில்: சேதம் எல்லா ஆண்டும் ஒரே அளவாக வராது என்பதில்தான் சிக்கல். ஒரு நாட்டின் சேதம் பெரும்பாலான ஆண்டுகளில் 20, பத்தாண்டுக்கு ஒருமுறை 300, ஐம்பதாண்டுக்கு ஒருமுறை 2,000 என்று வையுங்கள். சராசரி 90-ஐ நெருங்கும். ஆண்டுக்கு 90 ஒதுக்கினால், சாதாரண ஆண்டுகளில் 70 சும்மா கிடக்கும். சும்மா கிடக்கும் பணத்தை எந்த நிதியமைச்சர் விட்டுவைப்பார்? 2,000 வரும் ஆண்டில் பெட்டி காலியாகவோ பாதியாகவோ இருக்கும்.

அதனால் அடுக்கடுக்காகப் பிரிப்பதுதான் வழக்கம். 20-க்கு பட்ஜெட்டிலேயே அவசர நிதி. 300-க்கு, பேரிடர் அறிவித்த உடனே எடுத்துக்கொள்ளும்படி முன்பே ஒப்பந்தம் போட்ட கடன். உலக வங்கி இப்படி ஒரு வசதி வைத்திருக்கிறது. 2,000-க்குத்தான் காப்பீடும் பேரிடர்ப் பத்திரமும் (குறித்த பேரிடர் வந்தால், முதலீட்டாளர் போட்ட பணம் அரசுக்குப் போய்விடும் பத்திரம்). அடிக்கடி வரும் சின்னச் சேதத்துக்குக் காப்பீடு எடுத்தால் நீங்கள் சொல்வதுபோல வீண்தான்.

மெக்சிகோ இதைப் படிப்படியாகச் செய்த நாடு. 1996-ல் ஃபோன்டென் என்ற நிதியத்தைத் தொடங்கியது, 2006-ல் பேரிடர்ப் பத்திரம் வெளியிட்டது. 2017-ல் தென்பகுதியை உலுக்கிய பெரும் நிலநடுக்கத்துக்கு முதலீட்டாளர்களிடமிருந்து 15 கோடி டாலர் கிடைத்தது. சேதப் பட்டியல் தயாராகும்வரை காத்திருக்கவில்லை, நிலநடுக்கத்தின் அளவும் இடமும் ஆழமும் ஒப்பந்த வரம்புக்குள் வந்தன, பணம் வந்தது. பிறகு 2020-ல் செலவில் வெளிப்படைத்தன்மை இல்லை, ஊழல் என்று காரணம் சொல்லி ஃபோன்டென் நிதியத்தைக் கலைத்துவிட்டார்கள். கணக்கைத் தணிக்கை செய்து சரிப்படுத்தியிருக்கலாம் என்பது எங்கள் கருத்து.

அளவுகோலை வைத்துப் பணம் தரும் இந்த வகைக் காப்பீட்டில் வேகம்தான் லாபம். கரீபியன் நாடுகள் 2007-ல் சேர்ந்து அமைத்த காப்பீட்டு நிதியம் 14 நாளில் பணம் தரும். ஹைத்திக்கு 2010-ல் சுமார் 77.5 லட்சம் டாலர் அப்படித்தான் கிடைத்தது. மொத்தச் சேதத்தில் அது ஆயிரத்தில் ஒரு பங்குதான். வீடு கட்ட உதவாது, அரசு இயந்திரம் முதல் மாதம் நின்றுபோகாமல் பார்த்துக்கொள்ள உதவும். காப்பீட்டை அதற்கு மேல் நம்பக்கூடாது.

ஒப்பந்தத்தில் எதைப் பார்க்கவேண்டும் என்றால், பாதிப்பைக் கணக்கிடும் கணினி மாதிரிக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பதை. மலாவி 2015-16 பருவத்தில் கடும் வறட்சியில் சிக்கியது. ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டுக் காப்பீட்டு அமைப்பின் கணினி மாதிரியோ பாதிப்பு குறைவு, பணம் கிடையாது என்றது. தோண்டிப் பார்த்தால், மாதிரி நீண்டகால மக்காச்சோள ரகத்தை வைத்துக் கணக்குப் போட்டிருந்தது. வயலில் பெரும்பாலும் இருந்ததோ குறுகியகால ரகம். பூக்கும் நேரம் வேறு, மழை பொய்த்த நேரம் வேறு. திருத்திய பிறகு சுமார் 80 லட்சம் டாலர் தந்தார்கள். ஆனால் மாதங்கள் ஓடிவிட்டன, வேகம் என்ற ஒரே லாபமும் போயிற்று. வேளாண் துறையில் விதை விற்பனைக் கணக்கு வைத்திருப்பவர் ஒருவர் கையெழுத்துக்கு முன்பு அந்தப் பக்கத்தைப் பார்த்திருந்தால் போதும்.

கேள்வி: நிவாரணத்துக்குக் கொட்டுகிறார்கள், தடுப்புக்குக் கிள்ளித் தருகிறார்கள். ஏன்?

பதில்: நிவாரணத்தில் படம் எடுக்கலாம், உடையாத கரையைப் படம் எடுத்து யாரும் போடமாட்டார்கள். இரண்டுக்கும் ஒரே பெட்டி வைத்தால் நிவாரணம் எப்போதும் தடுப்பை விழுங்கிவிடும், அதனால் பெட்டியையே பிரித்தாகவேண்டும். இந்தியாவில் 15-ஆவது நிதிக்குழு 2021-26 காலத்துக்கு மாநிலப் பேரிடர் நிதியை 80 சதவீதம் மீட்புக்கும் நிவாரணத்துக்கும், 20 சதவீதம் தணிப்புக்கும் என்று தனித்தனியாகப் பிரித்தது. பங்கு போதுமா என்று வாதாடலாம், பிரித்தது சரி.

புதிதாகக் கட்டுவதைவிடப் பராமரிப்புக்குப் பணம் வாங்குவது இன்னும் கடினம். லிபியாவின் டெர்னா நகருக்கு மேலே 1970-களில் கட்டிய இரண்டு அணைகள், 2023 செப்டம்பரில் டேனியல் புயல் மழையில் இரவோடு இரவாக உடைந்தன. ஆயிரக்கணக்கானோர் கடலுக்கு அடித்துச் செல்லப்பட்டார்கள். அணைகளைச் சீர்செய்யப் பணம் ஒதுக்கியும் வேலை நடக்கவில்லை என்று அரசின் தணிக்கை அறிக்கையே முன்பு சொல்லியிருந்தது. அணை, மதகு, வடிகால் ஒவ்வொன்றுக்கும் கட்டிய ஆண்டு, கடைசியாகச் சோதித்த தேதி, கண்ட குறை, யார் பொறுப்பு என்று ஒரு பதிவேடு இருந்து, அது ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டால் நழுவ இடமிருக்காது.

கேள்வி: தேசியப் பேரிடர் ஆணையம் எந்த அமைச்சகத்தின் கீழ் இருப்பது நல்லது?

பதில்: எந்த அமைச்சகத்தின் கீழும் வேண்டாம், அரசின் தலைவருக்கு நேரடியாக. அமெரிக்கா தன் பேரிடர் முகமையை 2003-ல் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குள் கொண்டுபோய் வைத்தது. 2005-ல் கத்ரீனா சூறாவளியில் பட்டபாடு உலகறிந்தது. அடுத்த ஆண்டே சட்டம் திருத்தி, முகமைத் தலைவர் அதிபருக்கு நேரடியாக ஆலோசனை சொல்ல வழி செய்தார்கள்.

கேள்வி: 'முன்பைவிடச் சிறப்பாக மீண்டும் கட்டுவோம்' என்கிறார்கள். வருடக்கணக்கில் கூடாரத்தில் கிடப்பவர்களுக்கு அதனால் என்ன பயன்?

பதில்: உங்கள் கோபம் நியாயம்தான். 2015-ல் உலக நாடுகள் ஜப்பானின் செண்டாய் நகரில் பேரிடர் அபாயத்தைக் குறைக்க ஏற்ற உடன்பாட்டிலேயே இந்த வாசகம் இருக்கிறது. ஆனால் அதை நடத்தும் அமைப்பைப் பேரிடருக்குப் பிறகு உருவாக்கத் தொடங்கினால் தாமதம் உறுதி. நேபாளத்தில் 2015 ஏப்ரலில் நிலநடுக்கம், மறுகட்டுமான ஆணையம் செயலுக்கு வந்தது டிசம்பரில். பிறகு முறையை நன்றாகவே வகுத்தார்கள்: வீட்டுக்காரரே கட்டவேண்டும், 3 லட்சம் நேபாள ரூபாய் மூன்று தவணையில், முதலில் 50 ஆயிரம், அடுத்து ஒன்றரை லட்சம், கடைசியாக ஒரு லட்சம், ஒவ்வொரு கட்டத்தையும் பொறியாளர் பார்த்துச் சான்று தந்தபிறகு. விளைவு இரண்டு விதம். வீடுகள் உறுதியாயின. ஆனால் கொத்தனார் கூலியும் பொருள் விலையும் ஏறிய ஊர்களில், மானியத்தை இழக்காமலிருக்க ஒற்றை அறை வீடாகக் கட்டிக்கொண்டு, விரிசல் விட்ட பழைய வீட்டிலேயே பலர் குடியிருந்தார்கள். தவணைத் தொகையோடு கொத்தனார் பயிற்சியையும் பொருள் விலையையும் சேர்த்துத் திட்டமிட்டால்தான் இது குறையும்.

இடம் மாற்றுவது இன்னும் சிக்கல். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கை அரசு கரையிலிருந்து சில பகுதிகளில் 100 மீட்டர், வேறு சில பகுதிகளில் 200 மீட்டர் வரை கட்டக்கூடாது என்றது. படகும் வலையும் கடற்கரையில் இருக்க, வீட்டை உள்ளே தள்ளினால் மீனவர் எப்படிப் பிழைப்பார்? எதிர்ப்பு வந்தது, விதியைத் தளர்த்தினார்கள். தொழில் நடக்குமிடமும் உறங்குமிடமும் வேறு வேறாக இருக்கலாம் என்றால் நடுவில் சாலையும் படகுக்குக் காவலும் அரசின் செலவில் வரவேண்டும்.

கேள்வி: இறந்தவர்கள் எண்ணிக்கையில் அரசு ஒன்று சொல்கிறது, ஊடகம் ஒன்று சொல்கிறது. எதை நம்புவது?

பதில்: எதை எண்ணினார்கள் என்று பாருங்கள். 2017-ல் மரியா சூறாவளிக்குப் பிறகு போர்ட்டோ ரிக்கோவில் அரசுக் கணக்கு பல மாதங்கள் 64-லேயே நின்றது. மறு ஆண்டு அரசே கேட்டு நடத்திய ஆய்வுக்குப் பின் அதை 2,975 ஆக மாற்றினார்கள். முதல் கணக்கு, மருத்துவர் சான்றிதழில் புயல் என்று எழுதியவர்கள் மட்டும். இரண்டாவது கணக்கு, அந்த மாதங்களில் வழக்கமாக எத்தனை பேர் இறப்பார்கள், உண்மையில் எத்தனை பேர் இறந்தார்கள் என்ற வித்தியாசம். மாதக்கணக்கில் மின்சாரம் இல்லாத ஊரில் டயாலிசிஸ் நின்றவரும், இன்சுலின் கெட்டுப்போனவரும் முதல் கணக்கில் வரமாட்டார்கள்.

பன்னாட்டுத் தரவுத்தளங்களிலும் ஒரு பேரிடரைச் சேர்த்துக்கொள்ளக் குறைந்தபட்ச வரம்பு உண்டு. அதிகம் பயன்படும் ஒன்றில், 10 பேர் இறந்திருக்கவேண்டும், அல்லது 100 பேர் பாதிக்கப்பட்டிருக்கவேண்டும், அல்லது அவசரநிலையோ பன்னாட்டு உதவிக் கோரிக்கையோ இருக்கவேண்டும். மூன்று பேரைக் கொன்ற மண்சரிவு அதில் கிடையாது. ஆனால் மலைச்சாலைகளில் ஆண்டுதோறும் உயிரும் பாலமும் போவது பெரும்பாலும் அப்படிப்பட்ட சின்னச் சரிவுகளில்தான், பட்ஜெட்டும் அவற்றில்தான் கரைகிறது. ஆகவே நாடு தன் சொந்தப் பதிவேட்டில் இப்படி வரம்பு வைக்கக்கூடாது. இறப்புச் சான்றிதழில் 'பேரிடருடன் தொடர்பு: நேரடி, மறைமுகம், இல்லை' என்று ஒரு கட்டம் சேர்த்து, அதை நிரப்ப மருத்துவர்களுக்குப் பயிற்சி தந்தால், அடுத்த புயலுக்குப் பிறகு இந்தக் கேள்வியை நீங்கள் கேட்கவேண்டியிருக்காது.